தோணிக்கடியில் மூன்று குட்டிகள்

அன்புள்ள மருமகளுக்கு,

தன்னாமுனை வாவிக்கரையில் கவிழ்த்து வைத்திருந்த தோணிக்கடியில் கத்திக்கொண்டு கிடந்த மூன்று பூனைக்குட்டிகளைச் சப்பாத்துப் பெட்டிக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாயாம். தேத்தண்ணிக்கு வைத்திருந்த பால்மாவைக் கரைத்துக் கரண்டியால் பருக்கினாயாம். அம்மா சொன்னா. தபாலில் போட்டால் குட்டிகள் அதுவரை பொறுக்காது. அதனால்தான் இந்தக் கடிதம் வட்ஸ்அப்பில் வருகிறது. முதலில் அந்தக் கரண்டியைக் கீழே வை.

கண் திறக்காத குட்டியைப் பசியைவிடக் குளிர்தான் சீக்கிரம் கொல்லும். மட்டக்களப்பில் என்ன குளிர் என்று கேட்பாய். பிறந்த வாரத்தில் பூனைக்குட்டிக்கு நடுங்கக்கூடத் தெரியாது. தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ளும் வித்தை அதற்கு இன்னும் கைவரவில்லை. தாயின் வயிறும் கூடப்பிறந்ததுகளின் உடம்பும்தான் அதன் அடுப்பு. முதல் வாரம் அதைச் சுற்றி 30 பாகை செல்சியஸ் அளவில் சூடு வேண்டும். மாரி மழையில் வாவிக்காற்று அடிக்கும் இரவில் அந்தச் சூடு எங்கே இருக்கப்போகிறது?

ஒரு போத்தலில் வெந்நீர் நிரப்பி, இறுக மூடி, துவாயில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வை. மற்றப் பக்கம் வெறுமையாக இருக்கட்டும். சூடு கூடினால் அவை ஊர்ந்து விலக இடம் வேண்டும். பிறகு உன் சின்னிவிரலைக் குட்டியின் வாய்க்குள் மெல்ல வைத்துப் பார். வாய் குளிர்ந்திருந்தால் ஒரு சொட்டுப் பாலும் கூடாது. உடம்பு குளிர்ந்த குட்டியின் குடல் வேலை செய்யாது. உள்ளே போன பால் செரிக்காமல் தேங்கும், மேலே வந்து மூச்சுக்குழலுக்குள்ளும் போகும். வாய் சூடாகி, விரலைச் சப்பத் தொடங்கினால் அதுதான் சாப்பாட்டு நேரம்.

சரி, தாய் எங்கே? தாய்ப்பூனை குட்டிகளை லேசில் கைவிடாது. இரை தேடப் போயிருக்கலாம். தண்ணீர் ஏறுகிறதென்று ஒவ்வொன்றாகக் கவ்வி மேட்டுக்கு மாற்றிக்கொண்டும் இருந்திருக்கலாம். மனிதக் கை பட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்று ஊரில் சொல்வதை நம்பாதே. மகாராஷ்டிராவின் ஜுன்னர் பகுதியில் கரும்பு வெட்டும்போது துரும்பன் பூனையின் குட்டிகள் அகப்படுவதுண்டு. உலகின் மிகச் சிறிய பூனைகளுள் ஒன்று அது. நம் நாட்டுக் காடுகளிலும் இருக்கிறது. அங்கே வனத்துறையும் வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் அமைப்பும் அந்தக் குட்டிகளை எடுத்த இடத்திலேயே பெட்டியில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கும். இருட்டியதும் தாய் வந்து கவ்விக்கொண்டு போகும். காட்டுப்பூனைக்கே அந்தப் பாசம் இருக்கிறது.

நீயும் குட்டிகளைச் சூடாக்கியபின், மழை இல்லாத நேரம் பெட்டியைத் தோணிக்கடியில் வை. சுற்றிலும் மணலை விளக்குமாற்றால் மட்டமாக்கிவிட்டு, தூரத்தில் போய் இருந்துகொள். இரண்டு மூன்று மணித்தியாலத்தில் மணலில் பூனைக்கால் தடம் விழுந்தால் உன் வேலை முடிந்தது. தாய்க்குக் கொஞ்சம் மீன் அவித்துப் போடு, போதும்.

தடம் விழாவிட்டால் நீதான் தாய்.

பூனைப்பாலில் பசுப்பாலைவிட இரண்டு மடங்கு புரதம், கொழுப்பும் கூட. பசுப்பாலில் இருக்கும் பாற்சீனியைக் குட்டியின் வயிறு தாங்காமல் வயிற்றோட்டம் பிடிக்கும். உள்ளங்கையளவு உடம்பில் எவ்வளவு தண்ணீர் இருந்துவிடப் போகிறது? ஒரு பகலுக்குள் வற்றிப்போகும். பட்டணத்தில் செல்லப்பிராணிச் சாமான் விற்கும் கடையிலோ மிருக வைத்தியரிடமோ பூனைக்குட்டிக்கென்றே பால்மா கேட்டு வாங்கு. அது கிடைக்கும்வரை ஓர் இரவைத் தாண்ட, கொழுப்பு எடுக்காத பால் அரைக் கோப்பையில் ஒரு முட்டையின் மஞ்சட்கருவை அடித்து, வடித்து, இளஞ்சூட்டில் கொடுக்கலாம். வெள்ளைக்கரு வேண்டாம். இது இரவல் சாப்பாடு; இரண்டாம் நாளுக்கு நீடிக்கக்கூடாது.

பாமசியில் ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று வாங்கு. குழந்தையைப் போல மல்லாத்திப் பருக்கினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குட்டி வயிறு கீழே இருக்கக் குப்புறக் கிடந்துதான் குடிக்க வேண்டும். துவாயில் படுக்க வை, தலை சற்றே நிமிரட்டும், சொட்டுச் சொட்டாக விடு. சரியாகச் சப்பும்போது பார், காது இரண்டும் தாளம் போடும். 100 கிராம் குட்டியின் வயிறு ஒரு தடவைக்கு 4 மில்லிலீற்றர்தான் கொள்ளும். ஆசைக்கு மேலே ஊற்றாதே. முதல் வாரம் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, இரவிலும்தான். அம்மாவோடு முறை வைத்துக்கொள்.

குடித்ததும் இளஞ்சூட்டு நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் தடவு. தாய் நக்கிவிடுவது அதற்காகத்தான். மூன்று வாரம்வரை குட்டி தானாக மூத்திரம்கூடப் பெய்யாது. பலரும் மறப்பது இதைத்தான்.

ஏறக்குறைய 100 கிராமில் பிறக்கும் குட்டி நாளொன்றுக்குப் 10 கிராமாவது ஏற வேண்டும். முச்சந்திக் கடைக்காரரிடம் டிஜிற்றல் தராசைக் கேட்டு வாங்கி, தினமும் ஒரே நேரத்தில் நிறுத்துக் கொப்பியில் எழுது. கண் ஒன்று முதல் இரண்டு கிழமைக்குள் திறக்கும். நாலாம் கிழமை பால்மாவில் குழைத்த மெல்லிய சாப்பாட்டை நக்கத் தொடங்கும்.

அப்போது வரும் தன்னாமுனைக்கேயான ஆபத்து, மீன். சில பச்சை மீனில் இருக்கும் நொதி ‘பி1’ விற்றமினை அழித்துவிடும்; ஆகவே அவித்து, முள் எடுத்துக் கொடு. அவித்த தண்ணீரை ஊற்றிவிடாதே. ‘டோரின்’ என்ற சத்து அதில் கரைந்து கிடக்கும். அது குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என்று 1975இலும், இதயம் வீங்கும் என்று 1987இலும் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். வெறும் சோற்றில் அது இல்லை. குழம்பில் குழைத்த சோறும் கூடாது. வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும்.

தெள்ளுக்கு மண்ணெண்ணெய் பூசு என்று யாராவது சொல்வார்கள். டெற்றோலில் குளிப்பாட்டு என்பார்கள். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் கால் துண்டு என்பார்கள். மூன்றும் பூனைக்கு நஞ்சு. இளஞ்சூட்டுத் தண்ணீரில் துடைத்து, பேன்சீப்பால் வாரி எடு. பூச்சி மருந்தையும் தடுப்பூசியையும் வைத்தியர் சொல்வார். தாய்ப்பூனையோ வேறு பூனையோ உன்னைக் கடித்தால், பிறாண்டினால், சவர்க்காரம் போட்டுப் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போ. விசர்நோய் பூனையாலும் வரும்.

இன்றிரவு மூன்றையும் நிறுத்து எடையை அனுப்பு. நாளை அதே நேரம் ஒன்றாவது குறைந்திருந்தால், என் பதிலுக்குக் காத்திராமல் அதைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் போ.

அன்புடன்,
மாமா