வேலை மாறும் இடைவெளியில் விசா இல்லாமல் அமெரிக்கா

ஒரு வேலையை விட்டாச்சு, அடுத்த வேலையில் சேர ஒரு மாதம் இருக்கிறது. ஊர் சுற்ற இதைவிட நல்ல நேரம் ஏது? ஆனால் அமெரிக்க விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் குடிநுழைவு அதிகாரிக்கு அந்த ஒரு மாதம்தான் உறுத்தும்.

அமெரிக்காவின் விசா விலக்குத் திட்டம் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. 1988-இல் முதலில் பிரிட்டனுக்கும் அடுத்து ஜப்பானுக்கும் கிடைத்தது. சிங்கப்பூர் 1999-இல் சேர்ந்தது. இந்தியா பட்டியலில் இல்லை. ஆகவே சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற நம்ம சித்தப்பா மகன் இதில் போகலாம். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் நாம் தூதரகத்தில் வரிசையில் நின்றுதான் ஆகவேண்டும்.

இத்திட்டத்தில் போகிறவர் கிளம்புமுன் 'எஸ்டா' என்ற மின்னணு அனுமதி வாங்க வேண்டும். 2009 ஜனவரி 12 முதல் இது கட்டாயம். அது விமானம் ஏறத்தான். உள்ளே விடுவதா வேண்டாமா என்பது இறங்கிய இடத்தில் இருக்கும் அதிகாரியின் முடிவு.

வேலையில் இருப்பவர்தான் வரலாம் என்று சட்டம் சொல்லவில்லை. அப்புறம் ஏன் பயம்? வருகிறவர் இங்கேயே தங்கிவிடுவாரோ என்பதுதான் அதிகாரியின் கேள்வி. சம்பளச் சீட்டு இருந்தால் அதுவே பதில். இல்லாதவர் வேறு ஆதாரம் காட்ட வேண்டும்: திரும்பும் டிக்கெட், செலவுக்குப் பணம், ஊரில் வீட்டு வாடகை ஒப்பந்தம், புது வேலையில் சேரும் தேதி போட்ட கடிதம். கடைசியாகச் சொன்னதுக்கு என் கணக்கில் மதிப்பு அதிகம். "என்ன வேலை?" என்று கேட்டால் பழைய கம்பெனி பேரைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கக் கூடாது. வேலையில்லை என்பது குற்றமல்ல, பொய் சொல்வது குற்றம்.

சலுகைக்கு ஒரு விலையும் உண்டு, பலர் படிக்காமலே ஒப்புக்கொள்வது. அதிகாரி திருப்பி அனுப்பினால் மேல்முறையீடு கிடையாது. அகதியாகப் பாதுகாப்புக் கேட்பவர் மட்டும் விதிவிலக்கு. அங்கே போய் ஒரு நாள்கூட வேலை செய்யக் கூடாது. 90 நாளை நீட்டிக்கவும் வழியில்லை. ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் அடுத்த முறை விசா எடுத்தே வரவேண்டும். நடுவில் பக்கத்திலுள்ள கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று நினைப்பவர் உண்டு. பொதுவாக அந்த நாட்களும் அதே 90-இல்தான் சேரும்.