முதல் மோட்டார் சைக்கிள்: ஓர் இயற்பியல் மாணவனின் கணக்கு

இன்றைய இளைஞர் உள்ளத்தைக் கவரும் பொருள்களுள் மோட்டார் சைக்கிளுக்குத் தனியிடம் உண்டு. மாலை நான்கு மணிக்கு நம் கல்லூரி வாயிலில் நின்று பார்ப்பவர் எவரும் இதை ஒப்புக்கொள்வர். சென்ற கோடை விடுமுறையில் இந்த ஆசை எங்கள் வீட்டிற்கும் வந்து சேர்ந்தது. பதினெட்டு வயது நிறைந்த என் தம்பி, விலைக்கு வந்திருந்த பழைய 390 டியூக் ஒன்றுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். அப்பா கடன் வாங்கவும் துணிந்துவிட்டார். பத்திரத்தில் கையெழுத்திடுமுன் என்னை அழைத்து, “நீதானேப்பா இதெல்லாம் படிக்கிறவன். வாங்கலாமா, வேண்டாமா? நீயே சொல்லு” என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நாள் தவணை கேட்டேன். அவ்விரண்டு நாளில் போட்ட கணக்கே இக்கட்டுரை.

வண்டியின் வலிமையை நாம் சி.சி.யைக் கொண்டே அளக்கிறோம். இது முழு உண்மையன்று. புல்லட் 350-இன் எஞ்சின் ஏறத்தாழ 350 சி.சி.; 2013-இல் நம் நாட்டில் அறிமுகமான 390 டியூக்கின் எஞ்சின் 373 சி.சி. கொள்ளளவில் பெரிய வேறுபாடு இல்லை. ஆயினும் முன்னது தருவது சுமார் 20 குதிரைத்திறன், பின்னது 43. முறுக்கு விசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கினால் வருவதே திறன். புல்லட் எஞ்சின் நிமிடத்திற்கு ஆறாயிரம் சுற்றுகளை ஒட்டி உச்சத் திறனைத் தொடுகிறது. மற்றதோ ஒன்பதாயிரத்தை ஒட்டித் தொடுகிறது. நம் ஊர்ப்பக்கம் பெரும்பாலோர் ஓட்டும் 100 சி.சி. வண்டிக்கு 8 குதிரைத்திறன். எடை 110 கிலோ அளவு. டியூக்கின் எடை 160 கிலோவை ஒட்டியது. ஓட்டுபவர் எடை 60 கிலோ என்று சேர்த்துக்கொண்டால், கிலோ ஒன்றுக்கு அதில் கிடைக்கும் திறன் நான்கு மடங்குக்கு மேல்.

திறன் நான்கு மடங்கானால் உச்ச வேகம் நான்கு மடங்காவதில்லை. காற்றுத் தடை அதை விடாது. புறப்படும்போது உள்ள முடுக்கமே வெகுவாக ஏறுகிறது. புதியவருக்கு ஆபத்து இருப்பதும் அங்கேதான். இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். கிளட்ச் இல்லாத டி.வி.எஸ். எக்ஸ்.எல். மட்டுமே ஓட்டிப் பழகிய நான், ஒருநாள் மாமா மகனின் 200 சி.சி. வண்டியை எங்கள் ஊர்க் களத்தில் எடுத்தேன். கிளட்சைச் சட்டென்று விட்டதும் வண்டி முன்னே பாய்ந்தது. நியூட்டனின் முதல் விதிப்படி என் உடல் இருந்த இடத்திலேயே இருக்க முயன்று பின்னால் சாய்ந்தது. கையோ பிடியை விடவில்லை. உடல் பின்னே போகப் போக மணிக்கட்டு கீழே இறங்கி ஆக்சிலரேட்டரை மேலும் திருகியது. திருகத் திருக வண்டி இன்னும் பாய்ந்தது. சிறிய வண்டியில் இதே தவறு ஒரு குலுக்கலோடு போயிருக்கும். இங்கே வைக்கோல் போருக்குள் போய் நின்றேன். மாமா மகன் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

இனி நிறுத்துவதைப் பார்ப்போம். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பள்ளியிலேயே எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். கண் கண்டு கை பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகும் என்றும், உலர்ந்த தார்ச்சாலையில் எதிர்முடுக்கம் 6 மீ/வி² என்றும் கொள்வோம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்பவர் 11 மீட்டர் கடந்த பின்னரே பிரேக் பிடிக்கிறார். மேலும் 10 மீட்டரில் நிற்கிறார். ஆக 21 மீட்டர். 80 கி.மீ. வேகத்திலோ 22-உம் 41-உம் சேர்ந்து 63 மீட்டர். முப்பது மீட்டர் தொலைவில் ஒரு மாடு குறுக்கே வந்துவிட்டது. முதலாமவர் மாட்டுக்கு 9 மீட்டர் முன்பாகவே நின்றுவிடுவார். இரண்டாமவருக்குப் பிரேக் பிடிக்க எஞ்சியிருப்பது வெறும் 8 மீட்டர். மோதும்போது வேகம் 70 கி.மீ.க்கும் மேல். இருபது மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொடும் வேகம் இது.

இதுவும் பழகியவரின் கணக்கே. புதியவர் பின்பிரேக்கை மட்டும் மிதிப்பார். முன்பிரேக்கைத் தொட்டால் கவிழ்த்துவிடும் என்றே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். வேகம் குறையும்போது சுமை முன்சக்கரத்திற்கு மாறுவதால் அங்கேதான் உராய்வு மிகுதி. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்குடையது. அதைப் படிப்படியாக அழுத்தக் கை பழக வேண்டும். 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் 2019 ஏப்ரல் முதல் கட்டாயமான ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். மணலில் இல்லாத உராய்வை அது உண்டாக்கித் தராது.

பிரிட்டனில் 17 வயதில் 125 சி.சி., 11 கிலோவாட் வரைதான் அனுமதி. அதாவது ஏறத்தாழ 15 குதிரைத்திறன். 35 கிலோவாட் வரை ஓட்ட 19 வயது ஆகவேண்டும். வரம்பற்ற வண்டிக்கு நேரடியாகத் தேர்வு எழுத 24 ஆகவேண்டும். நம் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலோ 16 வயதில் 50 சி.சி., 18 வயதில் எதுவும் என்பதாக இரண்டே படிகள். இடைப்பட்ட படிகளை நாமே கட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஒரு மழைக்காலமும் கோடையும் 100 அல்லது 125 சி.சி. வண்டியில் கழியட்டும், இரவிலும், பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டும் ஓட்டிப் பழகட்டும். ஐ.எஸ். 4151 முத்திரையுள்ள தலைக்கவசத்தை முதல் நாளே வாங்கிவிட வேண்டும்.

இவற்றையெல்லாம் இரண்டு தாளில் எழுதி அப்பாவிடம் படித்துக் காட்டினேன். குதிரைத்திறனை அவர் பொருட்படுத்தவில்லை. “அந்த மாட்டுக் கணக்கை இன்னொரு தடவை சொல்லு” என்றார். சொன்னேன். மறுவாரம் பழைய 100 சி.சி. வண்டி ஒன்று வீட்டுக்கு வந்தது.

தம்பி என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் களத்தில் செங்கல் ஒன்றை அடையாளம் வைத்து, 30 கி.மீ. வேகத்தில் வந்து அதற்குமுன் நிறுத்திப் பார்க்கிறான். நான் அந்தப் பக்கம் போனால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வேறெங்கோ பார்க்கிறான்.