கையடக்க வானொலிக் கருவியில் பேச்சு வெளிச்செல்லாமை: குறையைக் கண்டறியும் முறை

பெங்களூரில் 1954-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று, ஜாலஹள்ளியில் இயங்கிவரும் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை, 1956 முதற்கொண்டே செய்தித் தொடர்புச் சாதனங்களை உற்பத்தி செய்யத் தொடங்கிற்று. அக்காலத்துக் கருவிகளில் பல, வண்டியிலோ முதுகிலோ சுமந்து செல்லவேண்டியவை. இன்று காவல்துறையினர், ரயில்வே ஊழியர், காட்டுக் காவலர் ஆகியோர் கைகளில், வாக்கி டாக்கி எனப்படும் சிறு கருவி சர்வ சாதாரணமாகக் காணப்படுகிறது. கருவி சிறுத்துவிட்டதேயன்றி அதனைச் சோதிக்கும் முறை பெரிதும் மாறவில்லை.

இக்கருவியில் ஏற்படும் குறைகள் இரு வகையின. பிறர் பேசுவது கேட்கவில்லையெனில், அதனை வைத்திருப்பவர் உடனே அறிந்துகொள்கிறார். தாம் பேசுவது பிறருக்குக் கேட்கவில்லையெனில் அவருக்கு அது தெரிவதே இல்லை. பொத்தானை அழுத்துகிறார், சிவப்பு விளக்கு எரிகிறது, செய்தியைச் சொல்லி முடிக்கிறார். செய்தி சேர்ந்துவிட்டதென்றே நம்பி மேலே நடக்கிறார். இரண்டாவது வகைக் குறை அதிக ஆபத்தானதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

பெங்களூருக்குத் தெற்கேயுள்ள பன்னேர்கட்டாக் காடுகள், தமிழ்நாட்டின் தளி, ஒசூர்ப் பகுதிக் காடுகளோடு தொடர்ந்து கிடப்பவை. யானைகள் எல்லை பார்த்து நடப்பதில்லை. இங்கே காவலர் ஒருவர், "கூட்டம் தெற்கு நோக்கிப் போகிறது" என்று அறிவிப்பதாகக் கொள்வோம். 'தெற்கு', 'மேற்கு' என்ற இரு சொற்களும் முதலெழுத்தில் மட்டுமே வேறுபடுகின்றன. அந்த ஓரெழுத்து சிதைந்தால், கேட்பவர் காதில் விழுவது 'ற்கு' என்ற முடிவு மட்டுமே. எந்தக் கிராமத்தை எச்சரிப்பது என்பதை அதைக்கொண்டு முடிவு செய்ய இயலாது.

பேச்சு வெளிச்செல்லும் வழியை முதலில் அறிதல் வேண்டும். கருவியின் முகத்திலுள்ள சிறு துளையின் பின்னே ஒலிவாங்கி அமைந்திருக்கிறது. அது குரலை மிகச் சிறிய மின் அழுத்த மாற்றங்களாக்குகிறது. அம்மாற்றங்கள் பெருக்கப்பட்டு, ஏறத்தாழ 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி மட்டும் வடிகட்டப்படுகிறது. பின்னர் ஊர்தி அலையின் அதிர்வெண்ணைச் சிறிதளவு கூட்டியும் குறைத்தும் அதன்மேல் ஏற்றப்படுகிறது. பேச்சு இல்லாவிடினும், பொத்தான் அழுத்தப்பட்டிருக்கும் வரை ஊர்தி அலை வெளிச்சென்றுகொண்டே இருக்கும். இவ்வொரு செய்தியே குறை காண்பதற்குத் திறவுகோலாகும்.

சோதனைக்கு வேண்டியவை நன்கு இயங்கும் மற்றொரு கருவியும், அதனருகே இருந்து கேட்க ஒருவரும். இருவரும் இருபது முப்பது அடி தள்ளி நிற்பது நலம். மிக அருகில் நின்றால் ஒலி திரும்பப் புகுந்து ஊளையிடும். கேட்பவர் தம் கருவியில் இரைச்சலடக்கியைத் திறந்துவைத்து, 'உஸ்' என்ற இரைச்சல் வரும்படி செய்துகொள்ளவேண்டும். இப்போது சந்தேகத்திற்குரிய கருவியின் பொத்தானை அழுத்திப் பேசவேண்டும். இரைச்சல் மாறாமல் தொடர்ந்தால் ஊர்தி அலையே வரவில்லை: அலைவரிசை எண் தவறாயிருக்கலாம், பாட்டரி தீர்ந்திருக்கலாம், பொத்தானின் தொடர்பு அறுந்திருக்கலாம். இரைச்சல் அடங்கி மௌனம் நிலவினால், ஊர்தி அலை வருகிறது, குரல் ஏறவில்லை என்பது தெளிவு. ஒலிவாங்கியிலிருந்து பண்பேற்றும் பகுதி வரையே ஆராய்ந்தால் போதும். இரைச்சலடக்கியைத் திறந்தபோது பேச்சு நன்கு கேட்டு, மூடியபோது கேட்கவில்லையெனில் கருவியில் பழுதில்லை. இரு கருவிகளிலும் பதிந்துள்ள காதுக்கெட்டா அடையாளத் தொனி ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று கொள்ளலாம்.

குரல் ஏறாத கருவியில் முதலில் செய்யவேண்டியது, சட்டையில் மாட்டும் தனி ஒலிவாங்கி இருந்தால் அதைக் கழற்றிவிடுவதே. அதன் முளையைச் செருகியதும் உள் ஒலிவாங்கி துண்டிக்கப்படும்படி பல கருவிகள் அமைந்துள்ளன. கம்பி, முளையின் கழுத்தருகே வளைந்து வளைந்து உள்ளே அறுந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. கழற்றிய பின்னும் மௌனமே நீடித்தால், செருகு துளைக்குள் இருக்கும் தகடு ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். முளையை நாலைந்து முறை செருகி எடுத்தால் சில சமயம் அது விடுபடும்.

அடுத்தது ஒலிவாங்கித் துளை. வியர்வையும் தூசியும் மழை ஈரமும் சேர்ந்து அதை அடைத்துவிடுகின்றன. அப்போது குரல் முற்றிலும் மறைவதில்லை. போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல் மழுங்கிவிடுகிறது. உயிரொலிகள் தப்பிப் பிழைக்க, வல்லின மெய்களின் கூர்மை போய்விடும். 'தெற்கு' சிதைவது இவ்விதமே. மென்மையான தூரிகையால் துடைக்கலாம். ஊசியால் குத்துவது கூடவே கூடாது. தற்கால ஒலிவாங்கிகளில் பெரும்பாலானவை எலெக்ட்ரெட் வகையின. அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் செஸ்லர், வெஸ்ட் என்னும் இருவர் 1962-இல் உருவாக்கிய அமைப்பின் வழிவந்தவை. அதிலுள்ள சவ்வு மிக மெல்லியது. பழைய கரித்துகள் ஒலிவாங்கியில் துகள்கள் இறுகிவிட்டால் ஒரு தட்டுத் தட்டினால் சரியாகும். அந்தப் பழக்கத்தை இதனிடம் காட்டுவதில் பயனில்லை.

பட்டறையில் வோல்ட்மீட்டர் உடையோர், ஏரியலுக்குப் பதிலாக 50 ஓம் போலிச் சுமையை இணைத்து, பொத்தானை அழுத்திய நிலையில் எலெக்ட்ரெட்டின் இரு முனைகளுக்கிடையே மின் அழுத்தத்தை அளக்கலாம். சாதாரணமாக ஓரிரு வோல்ட் காணப்படும். ஒன்றுமே இல்லையெனில் மின்சாரம் வந்துசேரவில்லை, அல்லது ஒலிவாங்கி உள்ளே குறுக்கிணைந்துவிட்டது. வழங்கும் அழுத்தம் முழுவதும் குறையாமல் நின்றால், ஒலிவாங்கி மின்சாரத்தை ஏற்கவில்லை. அது அறுந்தது என்க. சுமையோ ஏரியலோ இன்றிப் பொத்தானை அழுத்தினால் வெளியீட்டு டிரான்ஸிஸ்டர் சேதமடையக்கூடும்.

பேச்சு கேட்டும் தெளிவில்லாதபோது காரணம் வேறு. ஒரு கருவி 25 கிலோஹெர்ட்ஸ் அகலத்திற்கும், மற்றொன்று 12.5-க்கும் அமைக்கப்பட்டிருந்தால், அகன்றதன் பேச்சு குறுகியதில் கரகரக்கும். குறுகியதன் பேச்சு அகன்றதில் மெலிந்து ஒலிக்கும். இதற்கு எதையும் பிரிக்கவேண்டிய அவசியமில்லை. ஏரியல் தளர்ந்திருந்தால் வானொலி அலை ஒலிவாங்கிக் கம்பியிலேயே புகுந்து ரீங்காரமிடும். ஆற்றலைக் குறைத்துப் பேசியதும் அது தணிந்தால் ஐயம் உறுதியாகும்.

பழுதே இல்லாத கருவியிலும் முதலெழுத்து விழுங்கப்படுவதுண்டு. கேட்கும் கருவி மின்சாரத்தைச் சிக்கனம் செய்யக் கணந்தோறும் உறங்கி விழிக்கிறது; இடையே மலைமீது மறு ஒலிபரப்பு நிலையம் இருந்தால் அதுவும் விழிக்கவேண்டும். பொத்தானை அழுத்தியவுடனேயே வாய் திறப்பவரது முதற்சொல் எவரையும் சென்றடையாது. ஒரு வினாடி பொறுத்து, வாயிலிருந்து இரண்டங்குலம் விலக்கிப் பிடித்து, இயல்பான குரலில் பேசவேண்டும். திசையை இருமுறை கூறுவதும், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்வதும் வழக்கமாக்கப்படவேண்டும்.

உரிமம் பெறாது இத்தகைய கருவியில் ஒலிபரப்புதல் சட்டப்படி குற்றமாகலாம். ஆகவே ஆசிரியர்கள் கருவியில்லாமலேயே இப்பாடத்தை நடத்தலாம். மாணவர் ஒருவர் தலையணையை வாயருகே பிடித்து, 'தெற்கு', 'மேற்கு' என்பவற்றை மாறி மாறி இருபது முறை வாசிக்கட்டும். கடைசி வரிசையிலிருப்போர் கேட்டதை எழுதட்டும். பிறகு தலையணையின்றி மீண்டும் செய்து தவறுகளை எண்ணி ஒப்பிடலாம்.

பட்டறைக்கு அனுப்பும் சீட்டில், 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதுவது வீண். இரைச்சல் அடங்கியதா, குரல் மழுங்கியதா, தனி ஒலிவாங்கியைக் கழற்றியபின் என்ன நேர்ந்தது, பாட்டரி எந்நிலையில் இருந்தது என்ற நான்கையும் குறித்து, கேட்டவரின் பெயரையும் சேர்த்து அனுப்பவேண்டும். ஏனெனில் பழுதுபார்ப்பவர் விசாரிக்கவேண்டியது அவரைத்தான்.