கோழிக்குக் குடற்புழு மருந்து: முதல் தடவை கொடுப்பவர்களுக்கு



உங்கள் வீட்டுக் கோழி வேளாவேளைக்குத் தீனி தின்கிறது. ஆனால் உடம்பு தேறவில்லை, நெஞ்செலும்பு கத்திபோல் தட்டுப்படுகிறது, கொண்டை வெளுத்திருக்கிறது, முட்டையும் குறைந்துவிட்டது. "கண்ணு பட்டுடுச்சு" என்று மிளகாய் சுற்றிப் போடுகிறீர்கள். குடலில் புழு இருக்கிறதா என்று பார்த்தீர்களா? பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் போகவேண்டிய முட்டையின் சத்தைப் புழுவல்லவா தின்கிறது!

உருண்டைப் புழுவின் முட்டை எச்சத்தோடு மண்ணில் விழும். ஈரமும் சூடும் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் நோய் தரும் பக்குவம் அடையும். கிளறித் தின்னும் கோழிக்கு மறுபடி தொற்றும். நாடாப்புழுவோ எறும்பு, வண்டு, ஈ வழியாக வரும். மருந்தும் ஒன்றல்ல. பைபரசின் உருண்டைப் புழுவைத் தள்ளும், நாடாப்புழுவுக்கு உதவாது. ஆகையால் புது எச்சத்தைக் காகிதத்தில் மடித்துக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போங்கள். கோழியைப் பையில் போட்டுத் தராசில் நிறுத்து, எத்தனை கோழி, மொத்தம் எத்தனை கிலோ என்று சொல்லுங்கள். அளவை மருத்துவர் சொல்வார்.

ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் குடற்புழு மருந்தும் "பூச்சி மருந்து"தான், வயலுக்கு அடிக்கும் விஷமும் "பூச்சி மருந்து"தான். உரக்கடையில் போய் அப்படிக் கேட்டுவிடாதீர்கள். "கோழிக்குக் குடற்புழு மருந்து" என்று முழுசாகக் கேளுங்கள். பள்ளியில் பிள்ளைக்குக் கொடுத்த மாத்திரையை உடைத்துக் கோழிக்குப் போடுவதும் வேண்டாம். கோழி மருந்தைப் பிள்ளைக்குக் கொடுப்பது அதைவிட ஆபத்து.

தண்ணீரில் கலக்கும் மருந்தானால், முதல்நாள் மாலையே கோழிகளை அடைத்துவிடுங்கள். காலையில் திறக்குமுன் மருந்துத் தண்ணீரை வையுங்கள். குடித்து முடிக்கிறவரை வெளியே விடக்கூடாது. விட்டால் சாக்கடையில் குடித்துவிட்டு மருந்தைத் தொடாது. பெரிய கோழி நாளைக்குக் கால் லிட்டர் வரை குடிக்கும். அதில் பாதிக்கும் குறைவான தண்ணீரில் கலந்தால் மீதமாகாது. அலகைப் பிளந்து ஊற்றுவது பழைய வழக்கம். மூச்சுக்குழலில் இறங்கினால் கோழி அங்கேயே போய்விடும்.

கலக்கும் வேலை கணவருடையது. "கோழி பொம்பளை சமாச்சாரம்" என்பார் சிலர். இருக்கட்டும், ஆனால் அல்பென்டசோல் போன்ற மருந்துகள் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. கர்ப்பமாயிருக்கிற, அல்லது நாள் தள்ளிப் போயிருக்கிற மனைவி அதைத் தொடவேண்டாம்.

நோயில் சுருண்டு கிடக்கும் கோழிக்கு நீங்களாக மருந்து கொடுக்காதீர்கள். புழு நிறைய இருந்து ஒரேயடியாகச் செத்தால் குடலே அடைத்துக்கொள்ளலாம். மெலிந்த கோழியை மருத்துவரிடம் காட்டிவிட்டே கொடுங்கள்.

இரண்டு நாள் எச்சத்தைக் கூட்டிக் குழியில் புதையுங்கள். பைபரசின் கொடுத்தால் புழு மயங்கித்தான் வெளியே வரும், உயிரோடும் இருக்கும். மற்றக் கோழி கொத்தாமல் பாருங்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கோழிப் புழு பொதுவாக மனிதருக்கு ஒட்டாது. ஆனால் எச்சத்தில் உள்ள வேறு கிருமி வயிற்றுப்போக்கைத் தரும்.

முட்டையை எத்தனை நாள் தின்னக்கூடாது, கோழியை எத்தனை நாள் அறுக்கக்கூடாது என்று மருந்து வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை முட்டையைச் சந்தைக்கும் கொடுக்காதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையும் பிள்ளைதானே.

குஞ்சுப் புழு மருந்துக்குத் தப்பி வளரும். மறுதடவை எப்போது என்பதையும் கேட்டு, காலண்டரில் குறித்து வையுங்கள். கோழிக் கழிச்சல் தடுப்பூசி போடுவதாயிருந்தால், அதற்கு ஒரு வாரம் முன்பே புழு மருந்தை முடித்துவிடுங்கள்.