இருட்டுக்கு முன்னம் வீடு வா

பிள்ளை, லூயிஷாமில் உன் வீட்டுப் பின்வளவில் கோழி விடப்போகிறாய் என்று அம்மா சொன்னாள். நல்ல சந்தோஷம். இதே ஊரில் பல வருஷம் கோழி வளர்த்து, பறிகொடுத்து, திரும்பவும் வளர்த்தவள் உன் பெரியம்மா. பொறுமையாகக் கேள்.

1. நரி வருமா என்று கேட்காதே, வரும். ஹிதர் கிரீன், பிராக்லி பக்கத்து ரயில் கரைகள்தான் அதன் தெரு. யாழ்ப்பாணத்தில் நாங்கள் பயந்தது கீரிக்கும் மரநாய்க்கும் பிராந்துக்கும். பொழுதுபட்டால் கோழி முருங்கையில் ஏறிப் படுத்துக்கொள்ளும். அந்த நினைப்பிலேதான் என் முதல் கோழிகளை இங்கேயும் மரத்தில் படுக்க விட்டேன். விடியற்காலையில் அவை இறங்க, நரி கீழே நின்றது. ஆறடி வேலியையும் ஏறிக் கடக்கிற நரி இது. ஊர் மாறினால் காவலும் மாறவேண்டும்.

2. கோழிவலை என்று கடையில் விற்கும் மெல்லிய அறுகோண வலை, கோழி வெளியே போகாமல் தடுக்கத்தான். நரி அதைக் கடித்துக் கிழித்துவிடும். பற்றவைத்த தடித்த கம்பிவலை வாங்கு. கண் அரை அங்குலம் இருந்தால் எலியும் நுழையாது. கூட்டைச் சுற்றி வெளிப்பக்கமாக ஒன்றரை அடி அகலத்துக்கு அதே வலையை நிலத்தில் விரித்து அறைந்துவிடு. நரி சுவரோரத்தில்தான் தோண்டும். காலடியில் கம்பி தட்டுப்பட்டால், பின்னால் தள்ளிப்போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது. காசு மிச்சம் பிடிக்க நினைத்து நான் இரண்டு முறை வலை வாங்கினேன். நீ ஒரு முறை வாங்கு.

3. இதை மட்டும் மறக்காதே. சின்ன வயதில் எங்கள் அம்மம்மா படலையில் நின்று, "இருட்டுக்கு முன்னம் வீடு வா" என்று கூப்பிடுவா. கோழி அந்தச் சொல்லைக் கேட்கும். பொழுதுபடத் தானாகவே கூட்டுக்குள் போய்விடும். வராமல் நிற்பது நாங்கள்தான். இங்கே அக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்கள். ஐந்தே முக்காலுக்கு மறைந்த சூரியன் நாலே முக்காலுக்கே மறைந்துவிடும். மார்கழியில் நாலு மணிக்கு முன்னமே. அப்படியொரு ஞாயிறு சிவன் கோயிலுக்குப் போய், தெரிந்தவர்களோடு கதைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். வீடு திரும்பியபோது கூட்டுக்கதவு நான் விட்டுப்போனபடி திறந்தே கிடந்தது. ஐந்தில் நாலு செத்துக் கிடந்தன. ஒன்றைக் காணவில்லை.

அன்று நரியைச் சபித்தேன். தின்னாமலே ஏன் கொன்றது என்று நெடுநாள் வயிறெரிந்தேன். பிறகுதான் தெரிந்தது: அகப்பட்டதையெல்லாம் கொன்று, ஒவ்வொன்றாய்க் கொண்டுபோய்ப் புதைத்து வைத்துப் பின்னால் தின்பது அதன் வழக்கம். கூட்டுக்குள் கோழி ஓடித்தப்ப இடமில்லை. அதனால்தான் எல்லாம் ஒரேயடியாய்ப் போகின்றன. கதவைத் திறந்து வைத்தது நான்.

இப்போது தானாகச் சாத்தும் கதவு விற்கிறார்கள். வாங்கு, நல்லது. ஆனாலும் போய்த் தலையை எண்ணு. கதவுக்கு எண்ணத் தெரியாது. வெளியே ஒன்று நின்றாலும் அது சாத்திவிடும்.

4. இளவேனிலில் பகலையும் நம்பாதே. பங்குனி, சித்திரையில் குட்டி போட்ட நரி, வைகாசி, ஆனியில் அவற்றின் வயிற்றை நிரப்ப மத்தியானத்திலும் அலையும். கோழியைப் புல்லில் மேயவிடுவது என்றால் நீயும் புல்லில் இருப்பது. தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்து உட்கார். தொலைபேசி உள்ளே கிடக்கட்டும்.

5. நஞ்சு வைக்காதே. சட்டம் விடாது, மனமும் விடக்கூடாது. என் பக்கத்து வீட்டு மூதாட்டி நரிக்குத் தினமும் சாப்பாடு வைப்பா. ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். வெட்கமாக இருக்கிறது இப்போது. ஒருநாள் ஆறு முட்டை கொண்டுபோய்க் கொடுத்துப் பேசினேன். தட்டை முன்வாசலுக்கு மாற்றிக்கொண்டா.

6. மிஞ்சின சோறும் கறியும் ஊரில் கோழிக்குத்தான். இங்கே இறைச்சியும் பாலும் புழங்கும் சமையலறையால் வந்த எதையும் கோழிக்குப் போடச் சட்டம் இடங்கொடாது. சிந்திய சோறு முதலில் எலியைக் கூப்பிடும், பிறகு நரியை. 2024 அக்டோபர் முதல் ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசிடம் பதியவேண்டும், அதைப் பிந்தவிடாதே. பறவைக் காய்ச்சல் காலத்தில் கோழியை உள்ளே அடைக்கச் சொன்னால், நரிக்காக நீ கட்டிய அந்தக் கம்பிக்கூடு அப்போதும் உதவும்.

7. எல்லாம் செய்தும் ஒருநாள் இழக்கலாம். அப்படி நேர்ந்தால் என்னைக் கூப்பிடு, எந்த நேரமானாலும். அந்த ஐந்தும் போன மறுநாள், பொழுதுபட என் கால் தன்பாட்டில் கூட்டடிக்குப் போய்விட்டது. வெறுங்கூட்டைச் சாத்திவிட்டு வந்து அழுதேன். மாசியில் மூன்று குஞ்சு வாங்கினேன்.

வருகிற சனிக்கிழமை வலை அடிக்க வருகிறேன். சுத்தியல் என்னிடம் இருக்கிறது. நீ ஆணியை மட்டும் வாங்கி வை.