பெரிய புளூகில் பிடிக்க ஸ்பூன் தூண்டில்

வட அமெரிக்க ஏரிகளில் சிறு பிள்ளைகூட மண்புழுவைக் கோத்துப் பிடித்துவிடும் மீன் புளூகில். ஆனால் கரையோரம் மொய்ப்பதெல்லாம் பொடி மீன்கள். விரித்த கையளவு பெருத்தவை வேண்டுமென்றால் பளபளக்கும் உலோக ஸ்பூனை, அதாவது கரண்டி வடிவப் போலி இரையை, போட்டுப் பாருங்கள்.

1. புளூகில் எவ்வளவு வளர்ந்தாலும் வாய் சிறியதுதான். 1 முதல் 3 கிராம் எடையுள்ள ஸ்பூன் போதும். பைக் மீனுக்கான பெரிய ஸ்பூனைத் துரத்தி வரும், வாயில் வாங்காது.

2. ஸ்பூனோடு வரும் மும்முள்ளைக் கழற்றிவிட்டு 8 அல்லது 10ஆம் எண் ஒற்றை முள்ளை மாட்டுங்கள். மீனின் வாய் கிழியாது. திரும்ப விடுவதும் சுலபம்.

3. தூண்டில் நரம்பு 2 முதல் 4 பவுண்டு தாங்கினால் போதும். ஸ்பூன் சுழலும்போது நரம்பும் முறுக்கிக்கொள்ளும். அதனால் சற்று மேலே ஒரு சின்ன ஸ்விவல் (சுழலும் இணைப்பு வளையம்) கட்டுவது அவசியம்.

4. இழுக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பாஸ் மீன்போலப் புளூகில் பாய்ந்து கவ்வாது. பின்னாலேயே வந்து, நின்று, உற்றுப் பார்க்கும். ஆகவே ஸ்பூனை வீசி, வேண்டிய ஆழத்துக்கு இறங்கவிடுங்கள். மெதுவாகச் சுற்றுங்கள், இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை நிறுத்துங்கள். ஸ்பூன் தள்ளாடிக்கொண்டே கீழே இறங்கும் அந்த நொடியில்தான் பெரும்பாலும் கடி விழும். கையில் அதிர்வு தெரியாமல் போகலாம். நரம்பு சட்டென்று தளர்ந்தாலோ பக்கவாட்டில் நகர்ந்தாலோ மென்மையாகத் தூக்குங்கள். வெடுக்கென்று இழுக்காதீர்கள்.

5. கோடை நடுவில் கரையை விட்டு விலகுங்கள். நீர்ச்செடிகள் முடிந்து ஆழம் தொடங்கும் விளிம்பில் பெரியவை நிற்கும்.

6. மிச்சிகன், மினசோட்டா பக்கம் குளிர்காலத்தில் பனிக்கட்டியைத் துளைத்துப் பிடிப்பவர்களுக்கும் ஸ்பூன் கைகொடுக்கும். முள்ளில் ஒரு மெழுகுப்புழுவைக் கோத்து, ஒரு சாண் தூக்கி விழவிட்டு, அசையாமல் பிடியுங்கள்.

7. அதே ஸ்பூனுக்கு மஞ்சள் பெர்ச்சும் கிராப்பியும் வரும். பெர்ச்சுக்கு ஏரியின் அடித்தரையைத் தட்டும்படி ஆட்டுங்கள். கிராப்பி மேல்நோக்கிப் பார்த்து இரை தேடும் மீன். ஸ்பூன் அதன் தலைக்கு மேலே இருக்கட்டும்.

8. ஈயத்தாலான சிறு ஸ்பூன்களைத் தவிர்த்துவிடுங்கள். அறுந்து விழும் ஈயத்தை விழுங்கி லூன் பறவைகள் சாகின்றன. பித்தளை, எஃகு, டங்ஸ்டன் எல்லாம் கடைகளில் கிடைக்கின்றன.

9. உரிமம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம், ஏன், ஏரிக்கு ஏரிகூட மாறும். மினசோட்டாவில் குறிப்பிட்ட சில ஏரிகளில் புளூகில் 5 அல்லது 10தான்.

10. தண்ணீர் ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸைத் தொடும்போது புளூகில் ஆண்கள் ஆழமற்ற இடத்தில் வட்டக் குழி பறித்து முட்டைக்குக் காவல் நிற்கும். அப்போது எந்த ஸ்பூனையும் ஆவேசமாக முட்டும். கூடை நிறைய அள்ளிவிடலாம். தயவுசெய்து அள்ளாதீர்கள். காவல் காக்கும் பெரிய ஆண்கள் போய்விட்டால், சிறிய ஆண்கள் வளர்வதை விட்டு இளவயதிலேயே இனப்பெருக்கத்தில் இறங்கிவிடுகின்றன. சில ஆண்டுகளில் அந்த ஏரியில் பொடி மீன்களே மிஞ்சும். 1950இல் அலபாமாவின் கெடோனா ஏரியில் கிடைத்த உலகச் சாதனைப் புளூகில் 2 கிலோவுக்கும் மேல் எடை. மீன் அப்படிப் பெருக்க ஆண்டுக்கணக்காகும். சமையலுக்கு நடுத்தர மீன்களை எடுத்துக்கொண்டு பெரிய ஆண்களைத் தண்ணீரில் விடுங்கள்.