மலைவீட்டில் சுவர்க் கணப்பு

மூணாறு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ளது. மார்கழி, தை மாதங்களில் சில இரவுகளில் அங்கு உறைபனி படியும். தோட்டத்துப் பழைய பங்களாக்களில் சுவரோடு இணைந்த கணப்பும் புகைபோக்கியும் உண்டு. புகைபோக்கி இல்லாத அறையில் கரிச்சட்டியை வைத்துக் கதவை அடைப்பதே பேராபத்து.

கரி அரைகுறையாக எரிகையில் எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் அது பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலிமையாகப் பிணையும். உறங்குவோர் உறக்கத்திலேயே உயிரிழக்க நேரிடும். புகை கண்ணுக்குத் தெரியவில்லையே என ஆறுதல் கொள்வதற்கில்லை.

ஆகவே, கணப்பு அமைப்போர் முதலில் நோக்கவேண்டியது அதன் அழகையன்று; புகைவழியை. சூடேறிய காற்று இலேசாகி மேலெழும். அவ்விடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே வரவேண்டும். எனவே அறைக்கு ஒரு காற்றுத்துளை அவசியம். புகைபோக்கியின் வாய் கூரை முகட்டினும் 60 சென்டிமீட்டராவது உயர்ந்திருத்தல் வேண்டும்; தாழ்ந்திருப்பின் மலைக்காற்று புகையைத் திருப்பித் தள்ளும். கூரையின் மரச்சட்டங்கள் அதைத் தொடலாகாது. கணப்பின் வாயருகே ஊதுவத்தியைப் பிடித்துப் பார்க்க: புகை உள்ளிழுக்கப்பட்டு மேலேறினால் தீ மூட்டலாம். இதனை மாணவர்க்கும் காட்டலாம்.

திறந்த கணப்பின் வெப்பத்தில் பெரும்பகுதி புகையோடு வெளியேறிவிடும். ஆழத்தைக் குறைத்துப் பக்கச் சுவர்களைச் சாய்த்துக் கட்டினால் அறைக்குள் வீசும் வெப்பம் மிகும் என ரம்ஃபோர்டு பிரபு 1796-இல் எழுதினார்.

சுவரில் மாட்டும் மின்கணப்பில் இந்நச்சுவாயு எழுவதில்லை. ஆயினும் 2,000 வாட் கருவி ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அதனை 6 ஆம்பியர் பிளக்கில் செருகலாகாது. எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் பிளக்கே ஏற்றது.